ஆறு மாதத்துக்கு மட்டும்

‘இல்லம்’ என்று யாரும் தேடுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே வசுமதி கற்றுக்கொண்ட பாடம் அது. கனவு இல்லம், அன்பு இல்லம் எல்லாம் விளம்பரப் பலகையோடு சரி. கைபேசியைக் கையில் எடுத்துவிட்டால் ஜனங்கள் ‘கீழ் போர்ஷன் வாடகை’ என்று தட்டுகிறார்கள். ‘கார்ப்பரேஷன் தண்ணி வர்ற வீடு’ என்கிறார்கள். ‘ஹவுஸ் ஓனர் மேல் மாடியில் இல்லாத வீடு’ என்று மனத்தில் இருப்பதை அப்படியே கொட்டுகிறவர்களும் உண்டு.

‘புதுவாசல்’ திருச்சி வட்டாரத்தில் வீடு, மனை, வாடகை எல்லாவற்றுக்குமான இணையதளம். அங்கே வசுமதிக்கு வேலை இந்தச் சொற்களைப் பொறுக்குவது. யார் எதைத் தேடினாலும் புதுவாசல் விளம்பரம் முதலில் வந்து நிற்க வேண்டும். அதற்கு அந்தச் சொல்லைத் தேடுபொறிக்காரர்களிடம் ஏலத்தில் எடுக்க வேண்டும். எல்லாரும் கேட்கிற சொல் விலையேறிக் கிடக்கும். யாருக்கும் தோன்றாத சொல்லை முந்திக்கொண்டு எடுப்பதில்தான் சாமர்த்தியம். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தவளுக்கு அது கைவந்தது.

முன்னறி வந்த பிறகு அந்தச் சாமர்த்தியத்துக்கும் வேலை குறைந்துவிட்டது. இதுவரை என்ன தேடினார்கள் என்று விற்றுக்கொண்டிருந்த தேடுபொறிக்காரர்கள், இனி என்ன தேடப்போகிறார்கள் என்றும் விற்க ஆரம்பித்தார்கள். ஒரு தெருவில் அடுத்த மாதம் என்னென்ன சொற்கள் தட்டப்படும் என்று முன்னறி முன்கூட்டியே சொல்லும். எந்த வீடு என்று சொல்லாது. ஏன் என்றும் சொல்லாது. பெரும்பாலும் பலித்தது.

ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்து மேசையில் விளம்பரப் படங்கள் செய்கிற பெனாசிர் நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

“அக்கா, இன்னைக்கு உங்க தெருவு வந்திருக்கு பாத்தீங்களா? பூங்குயில் நகர், மூணாவது குறுக்குத் தெரு.”

வசுமதி திரையைப் பார்த்தாள். இரண்டே வரிகள்.

‘ஆறு மாதத்துக்கு மட்டும் வாடகை வீடு அவசரம்.’

‘வாடகை ஒப்பந்தம் மாதிரி தமிழில்.’

தேடல் தொடங்கும் காலம், செப்டம்பர் கடைசி.

“ரெண்டாவது எல்லாத் தெருவுலயும் வர்றதுதான்” என்றாள் பெனாசிர். “மொதல்ல இருக்கிறது புதுசா இருக்கே. ஆறு மாச கான்ட்ராக்ட்ல யாராச்சும் வேலைக்கு வர்றாங்களா?”

“வர்றவங்கன்னா வேற ஊர்ல உக்காந்து தேடுவாங்க. இது எங்க தெருவுல இருக்கிறவங்களே தேடப்போறது.” வசுமதியின் கை மௌஸை விட்டு விலகியிருந்தது. “செப்டம்பர் கடைசின்னா புரட்டாசி. புரட்டாசியில யாரும் வீடு மாத்த மாட்டாங்க பெனாசிர். ஆடி, புரட்டாசி, மார்கழி மூணும் நமக்கு ஈ ஓட்டுற மாசம், உனக்கே தெரியும். அதுல ஒருத்தர் அவசரம்னு தேடினா, வேற வழியில்லாமத் தேடுறாங்கன்னு அர்த்தம்.”

“என்ன வழியில்லாம?”

“அடைப்பு.”

பெனாசிருக்குப் புரியவில்லை. வசுமதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எங்கள்ல யாராவது இறந்துபோனா, அன்னைக்கு என்ன நட்சத்திரம்னு பார்ப்பாங்க. சில நட்சத்திரத்துல உயிர் போச்சுன்னா வீட்டை அடைச்சிடணும். சிலதுக்கு மூணு மாசம், சிலதுக்கு நாலு மாசம். அவிட்டத்துல இருந்து ரேவதி வரைக்கும் வர்ற நட்சத்திரம்னா ஆறு மாசம். அந்த ரூமை மட்டும் பூட்டிக்கிறவங்க உண்டு. கெடுபிடியான வீடுன்னா மொத்தத்தையும் பூட்டிட்டு வெளிய போயிடணும். போறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு மட்டும் ஒரு இடம் வேணும்.”

பெனாசிர் திரையை ஒருமுறை பார்த்தாள். “அப்ப இது... உங்க தெருவுல யாரோ மௌத்தாகப் போறாங்கன்னு சொல்லுதா?”

இதே சொற்களை ஒரு காலத்தில் வசுமதியே தட்டியிருக்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய கணவன் ஞானசேகரன் வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் சரிந்தான். அன்றைக்குச் சதயம். சொந்தக்காரர்கள் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் மாமனார் சபாபதியும் சொந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு வாடகைக்கு அலைந்தார்கள். ஏன் ஆறு மாதம் மட்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். காரணத்தைச் சொன்னதும் முகம் மாறியது. துக்க வீட்டு ஆட்களை யார் உள்ளே விடுவார்கள்.

அதைவிட அவளை அரித்தது வேறொன்று. அதற்கு முந்தைய வாரம் ஞானசேகரன் கைபேசியை அவளிடம் நீட்டியிருந்தான். “வசு, இங்க பாரு. ஆறு மாசத்துக்கு வீடு வேணுமா, உடனே வாங்கங்கிறான். உன்னை விட்டு ஓடிப்போறதுக்கு எனக்கு ஐடியா குடுக்கிறானோ?” இருவரும் சிரித்தார்கள். அது புதுவாசல் விளம்பரம்.

கருமாதி முடிந்த பிறகு ஒரு நாள் அது நினைவுக்கு வந்தது. வந்ததிலிருந்து போகவே இல்லை. இவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. எப்படியோ, எதைக் கொண்டோ, அவன் போகப்போகிறான் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லாமல் வாடகை வீட்டைக் காட்டியிருக்கிறார்கள். புதுவாசலில் ஆள் எடுக்கிறார்கள் என்று பார்த்ததும் அவள் விண்ணப்பித்தது அதற்காகத்தான். பெனாசிரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

மதியம் நிர்வாகி ஹரியின் அறைக்குப் போனாள். வயதில் அவளைவிட இளையவர். சிரித்த முகம், கணக்கில் கறார்.

“சார், எங்க தெருவுக்கு வந்திருக்கிற வார்த்தையை எடுக்க வேணாம்.”

“ஏங்க? போட்டியே இல்லை. சும்மா கிடைக்குது.”

அவள் காரணத்தைச் சொன்னாள். ஹரி கேட்டுக்கொண்டார். முகத்தில் ஆச்சரியம் இருந்தது; அதிர்ச்சி இல்லை. அதை அவள் கவனித்தாள்.

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவங்க விக்கிறது வார்த்தை மட்டும்தான் வசுமதி. காரணத்தை வித்தா கோர்ட்டு, கேஸ்னு போயிடும். நாமளும் கேக்கிறதில்லை.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“அந்த மிஷினுக்கா? அதுக்குத் தெரியறது, தெரியாததுன்னு எதுவும் கிடையாது. யாரு எங்க போறாங்க, எதை வாங்குறாங்க, யாருகிட்டப் பேசுறாங்க, எல்லாத்தையும் போட்டுக் கலக்குது. கடைசியில ஒரு வார்த்தை வருது. நடுவுல என்ன நடக்குதுன்னு செஞ்சவனுக்கே தெரியாது.”

அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கேட்டேவிட்டாள். “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி நம்ம விளம்பரம் ஒண்ணு ஓடுச்சு. ஆறு மாச வாடகை. அது யாருக்குப் போச்சுன்னு பார்க்க முடியுமா சார்?”

“ரெண்டு வருஷம் முன்னாடியா? அப்ப முன்னறியே கிடையாதுங்க. எல்லா விளம்பரத்தையும் எல்லாருக்கும் அள்ளி வீசுவோம். யார் கண்ணுல பட்டுதோ பட்டுச்சு.” அவர் கணினிப் பக்கம் திரும்பினார். “அந்த வார்த்தையை எடுத்திடுங்க. விளம்பர வரியும் நீங்களே எழுதுங்க. துக்கத்துல இருக்கிறவங்கன்னா நல்லபடியா எழுதணும் இல்லையா? உங்களைவிட யார் எழுதுவாங்க?”

கடைசி வாக்கியத்தை அவர் எந்த எண்ணத்தில் சொன்னார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவளுடைய கதை அவருக்குத் தெரியுமா? நேர்முகத்தில் அவள் சொன்னதில்லை. முன்னறி அப்போது இல்லை என்பதையும் அவள் நம்பவில்லை. விற்பனைக்கு வருவதற்கு முன் ஒரு பொருள் எங்காவது சும்மா ஓடிக்கொண்டிருக்கத்தான் செய்யும்.

மேசைக்கு வந்து எழுதினாள். ‘ஆறு மாதத்துக்கு மட்டுமா? கேள்வி கேட்க மாட்டோம். உடனே குடிவரலாம்.’

அன்று மாலை தெருமுனையில் இறங்கியபோது, தினம் பார்க்கும் தெரு வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு வாசலையும் அவள் எடை போட்டாள். இந்த வீடா? முனை வீட்டுப் பெண் நிறைமாதம். எதிர்வீட்டுப் பையன் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவன். வைத்திலிங்கத்தின் வீட்டில் கீழ் போர்ஷனில் குடியிருக்கும் பவானியின் மாமனார் முத்தையா, நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷினுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர். அவளைக் கண்டதும் வழக்கம்போல் கையை உயர்த்தினார்.

பிறகு அவளுடைய வீடு. அதையும் விட முடியாது. மாமனாருக்கு எழுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை.

சபாபதி மாடி வராந்தாவில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அரசுப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் முடிந்து திரும்பி வந்தபோது, ஞானசேகரன் இறந்த கீழ் போர்ஷனைத் திறக்க வசுமதியால் முடியவில்லை. பூட்டு அப்படியே இருக்க, இருவரும் மாடியில் ஏறிக்கொண்டார்கள். மாமனாரின் முட்டிதான் அதற்குக் கப்பம் கட்டியது.

“வாம்மா. மலைக்கோட்டை ஏறி வந்துட்டியா?” தினமும் இதே கேலி.

“மாமா, நாளைக்கு ஒரு ஈசிஜி எடுத்திடலாமா?”

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கேன்.”

“சும்மாதான்.”

“சும்மா யாராச்சும் ஈசிஜி எடுப்பாங்களா?” அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட் எடுக்காதவனை ஆயிரம் பேருக்கு நடுவில் முகத்தைப் பார்த்தே பிடித்தவர்.

மறுநாள் ஈசிஜி எடுத்தார்கள். கோளாறு எதுவும் இல்லை. அதற்கடுத்த நாள் பவானியை வாசலில் பிடித்தாள் வசுமதி. பவானி ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். புருஷன் வெளியூரில் வேலை. மகள் பிளஸ் டூ.

“பவானி, மாமாவை டாக்டர்கிட்டக் காட்டினியா?”

“போன வாரம்தான்க்கா காட்டினேன். ஏன், என்னவோ மாதிரி கேக்கிறீங்க?”

“இல்ல, இன்னொரு டாக்டரையும் பாத்துடலாமேன்னு...”

“மூச்சு இப்ப நல்லாவே இருக்குக்கா. நேத்து பாப்பாவோட தாத்தா மிஷின் இல்லாம கேட் வரைக்கும் நடந்தாரு.” பவானியின் குரலில் லேசான எரிச்சல். “பக்கத்துல இருக்கிறவங்களே இப்படிப் பாத்தா அவருக்கு என்ன தோணும் சொல்லுங்க? ஜன்னலைச் சாத்துங்கிறாரு. தெருவுல ஒருத்தி என்னை உத்துப் பாத்துக்கிட்டே போறாங்கிறாரு. நீங்கதானா அது?”

வசுமதி நகர்ந்துவிட்டாள். ஆனாலும் விடவில்லை. எதிர்வீட்டுப் பையனிடம் ஹெல்மெட்டைப் பற்றிப் பேசி, அவன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். தினசரிக் காலண்டரில் புரட்டாசியைத் தேடி, அவிட்டம் தொடங்கி ரேவதி முடிய அடுத்தடுத்து வரும் நாட்களைப் பென்சிலால் வட்டமிட்டாள். நடப்பதானால் அந்த நாட்களில்தான் நடக்க வேண்டும். அன்று ஒரு சொல்லைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம். இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. அவளுக்கு இருந்தது அந்த ஒரே எண்ணம்தான்.

அந்த வட்டங்களைச் சபாபதி பார்த்துவிட்டார்.

“ஏம்மா, ஈசிஜி எடுத்தே. ரத்தம் குடுக்கச் சொன்னே. இப்பக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கே. எல்லாம் அடைப்பு நாளு. எனக்கு நாள் குறிச்சிருக்கியா? சொல்லிட்டேன்னா நல்ல வேட்டியாவது வெளுத்து வச்சுக்குவேன்.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கை காலண்டரைப் பிடித்திருந்த பிடியில் சிரிப்பு இல்லை. அவரை அப்படி விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். முன்னறியை, அந்தச் சொல்லை, புரட்டாசியை. மகனின் கைபேசிக்கு வந்த விளம்பரத்தை மட்டும் சொல்லவில்லை.

அவர் காலண்டரை மறுபடி பார்த்தார். “நம்ம தெருவுல ஒரு சாவு. ஆறு மாச அடைப்பு. அப்படித்தானே?”

“யாருன்னு தெரியாது மாமா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

“நான் ஏன்மா சொல்லப்போறேன்?”

அவர் சொல்லத்தான் செய்தார். காலை நடையில் கூட வரும், பவானியின் ஹவுஸ் ஓனர் வைத்திலிங்கத்திடம் மட்டும், அதுவும் வேடிக்கையாக. மருமகள் வேலை செய்யும் இடத்தில் மிஷின் ஒன்று சாவுக்கு நாள் குறிக்கிறதாம், என் பெயரா உன் பெயரா என்று சீட்டுப் போட்டுப் பார்ப்போமா என்று. வைத்திலிங்கம் சிரிக்கவில்லையாம். எந்த நட்சத்திரம் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாராம். இதெல்லாம் வசுமதிக்குப் பின்னால்தான் தெரிந்தது.

புரட்டாசி பிறந்தது. அவிட்டத்தன்று அவள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து நின்றாள். அது வயலூர் ரோட்டில் வேறெங்கோ போய் மறையும். சதயத்தன்று யாரோடும் பேசவில்லை. அவளுக்கு அது ஞானசேகரன் போன நட்சத்திரமும்கூட. முனை வீட்டுப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம் என்று செய்தி வந்தபோது அவள் அழுத அழுகையைப் பார்த்து, சேதி சொல்ல வந்தவர் மிரண்டுபோனார். முத்தையாவின் ஜன்னல் சாத்தியே இருந்தது. உள்ளே மிஷினின் புஸ் புஸ் சத்தம் கேட்கிறதா என்று, அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் நடையைத் தளர்த்தினாள். கேட்டது.

ரேவதி முடிந்தது. யாரும் சாகவில்லை.

மறுநாள் காலை மாடிப்படியில் இறங்கியபோது உடம்பே லேசாக இருந்தது. மிஷின் பொய்த்துவிட்டது. அல்லது, தான் எச்சரித்ததால் எங்கோ ஏதோ தப்பிவிட்டது. எதுவானாலும் சரி. அலுவலகத்தில் பெனாசிருக்கும் சேர்த்துக் காபி வாங்கிக்கொண்டு போனாள்.

பத்தரை மணிக்கு ஹரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “வசுமதி, உங்க தெரு வார்த்தை பலிச்சிடுச்சு. காலையில யாரோ தேடியிருக்காங்க. நம்ம விளம்பரம்தான் மொதல்ல. அழுத்தவும் செஞ்சிருக்காங்க. நல்ல வரி எழுதியிருந்தீங்க.”

காபி ஆறிப்போயிற்று. யாரும் சாகவில்லையே. தெருவில் ஒரு பந்தல் இல்லை, ஒரு சங்குச் சத்தம் இல்லை. யார் தேடியது?

மாலை வீட்டுக்கு வந்தபோது மாடிப்படியின் முதல் படியில் பவானி உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்துக்குப் போன புடவையோடு நேராக வந்திருக்க வேண்டும்.

“அக்கா, உங்க கம்பெனியிலதான் ஒரு உதவி. ஆறு மாசத்துக்கு மட்டும் ஒரு வீடு வேணும். காலையில தேடினேன். உங்க விளம்பரம்தான் வந்துச்சு. கேள்வி கேக்க மாட்டோம்னு போட்டிருந்துச்சு, அதான் தைரியமா அழுத்தினேன்.”

“ஏன் பவானி?” அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“காலி பண்ணச் சொல்லிட்டாருக்கா வைத்திலிங்கம் சார். திட்டல்லாம் இல்ல. கையைப் பிடிச்சுக்கிட்டாரு. தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம், இந்த வீட்லதான் மாப்பிள்ளையை அழைக்கணும். அதுக்குள்ள தாத்தாவுக்கு ஏதாவது ஆகி வீட்டை அடைக்கிற மாதிரி வந்துட்டா நான் என்னம்மா பண்ணுவேங்கிறாரு. நல்லா இருக்கிற மனுஷன்க்கா தாத்தா! நேத்து கேட்டைத் தாண்டி நடந்தாரு. யாரோ சொன்னாங்களாம், இந்தத் தெருவுல சாவு உறுதின்னு. இந்த நட்சத்திரம் தப்பினா அடுத்த மாசமும் இதே நட்சத்திரம் வருமே, நான் மாசா மாசம் பயந்துக்கிட்டே இருக்க முடியுமாங்கிறாரு. பாப்பா பரீட்சை மார்ச்சுல முடிஞ்சிடும். முடிஞ்சதும் பாப்பா அப்பா இருக்கிற ஊருக்கே போயிடுவோம். அதுவரைக்கும் ஒரு இடம் கிடைச்சாப் போதும். ஆறு மாசம்.”

வசுமதிக்கு இப்போதுதான் புரிந்தது.

மிஷின் சாவைச் சொல்லவில்லை. எப்போதும் சொன்னதில்லை. ஒரு தெருவில் ஒருத்தி இருக்கிறாள், ஒரு சொல்லைக் கண்டால் பயப்படுவாள், பயந்தால் பேசுவாள், பேசினால் அது இன்ன வாசலில் போய் நிற்கும். காரணம் தெரிந்தோ தெரியாமலோ, அது அவளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறது.

அப்படியானால் ஞானசேகரனைப் பற்றியும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஹரி சொன்னதுதான். எல்லாருக்கும் வீசிய விளம்பரம், ஒருவன் கண்ணில் பட்டது. அவன் மனைவியிடம் காட்டிச் சிரித்தான். அடுத்த வாரம் செத்துப்போனான். அவ்வளவுதான். அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இத்தனை நாள் கோபப்படுவதற்கு ஓர் இடம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

“பவானி, அந்தப் பேச்சைக் கிளப்பினது நான்தான்” என்றாள். சொன்ன குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. முன்னறியிலிருந்து காலை நடை வரைக்கும் சொல்லி முடித்தாள். பவானியின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

“யாரையோ காப்பாத்தப் பாத்தீங்க.”

“ஆமா.”

“நல்லாக் காப்பாத்தினீங்கக்கா.”

வசுமதி மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் சாவி இருந்தது. கீழ் போர்ஷன் பூட்டு துருவேறி முதலில் மறுத்தது. இரண்டு கையாலும் திருகினாள். உள்ளே அடைபட்ட காற்றும் தூசியும் முகத்தில் அடித்தன. இருட்டில் சுவரோரம் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஞானசேகரன் அன்று மாலை சார்ஜ் போட்டுவிட்டுப் போன கொசு பேட். இரண்டு வருடமாக அது சார்ஜ் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் ஸ்விட்சை அணைத்தாள்.

“ரெண்டு ரூமு, சமையல்கட்டு. படி ஏற வேணாம். உன் மாமாவுக்கு ஜன்னலோரம் இடம் இருக்கு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “என் வீட்டுக்காரர் இங்கதான் இறந்தாரு. அதையும் சொல்லிடணும் இல்ல. உனக்கு வேணாம்னா வேணாம்.”

பவானி கை கழுவும் இடம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “தாத்தாவுக்கு இங்கயே ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆனா ஆகட்டும். நான் மாடியில இருக்கேன்ல. கூப்பிடு.”

“வாடகை?”

“நீயே சொல்லு.”

“இப்பக் குடுக்கிறதுதான் குடுப்பேன். அட்வான்ஸ்னு வாயைத் திறக்காதீங்க. நீங்க பண்ணின வேலைக்கு அது கழிஞ்சது.” சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ஆனா இந்தத் தடவை எழுத்துல வேணும்க்கா. நாளைக்கு யாராவது எதையாவது சொன்னாங்கன்னு நீங்களும் கையைப் பிடிச்சுக்கிட்டா நான் எங்க போவேன்?”

“எழுதிக்குவோம். இப்பவே எழுதிக்குவோம்.”

சபாபதி படியில் ஒவ்வொரு காலாக இறங்கி வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். பவானியைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். நேராக உள்ளே போய், மகனின் பழைய நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையில் கண்ணாடியைத் துழாவினார்.

வசுமதி கைபேசியை எடுத்தாள். ஒப்பந்தம் எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். ‘வாட’ என்று தட்டியவள் நின்றாள்.

அன்று திரையில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியிலேயே கண் நிலைத்துவிட்டதால் ஒப்பந்தம் கேட்கும் இரண்டாவதை அவள் மறந்தே போயிருந்தாள்.

எல்லாத் தெருவிலும் வர்றதுதான் என்று பெனாசிர் சொன்னாள். இருக்கலாம். அல்லது இந்தப் பூட்டு இன்று திறக்கும் என்று ஆவணியிலேயே எங்கோ எழுதப்பட்டிருக்கலாம். அவளுடைய பயம் மட்டுமல்லாமல் இந்தச் சாவியும், இந்த வார்த்தைகளும், பவானி துடைத்த கண்ணீரும் அந்தக் கணக்குக்குள் இருந்திருக்கலாம். செய்தது தன் மனசா, அதுவும் அவர்கள் ஏற்கெனவே விற்ற சரக்கா?

தட்டிய எழுத்துகளை அழித்தாள். கைபேசியைக் கவிழ்த்து ஜன்னல் திண்டில் வைத்தாள். கைப்பையிலிருந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து, முழங்காலில் வைத்துத் தன் போக்கில் எழுத ஆரம்பித்தாள். பூங்குயில் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் இருக்கும் வசுமதியாகிய நான், அதே தெருவில் இருக்கும் பவானிக்கு... எந்த மாதிரியும் பார்க்காமல், பிழை திருத்துகிறவளின் நிதானத்தோடு ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். யார் என்ன சொன்னாலும் காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று ஒரு வரி. அந்த வரி எந்த மாதிரிப் படிவத்திலும் இருக்காது. அவள் லேசாகச் சிரித்துக்கொண்டாள்.

“ஏம்மா, கையால எழுதிக் கஷ்டப்படுறே?” நாற்காலியிலிருந்து சபாபதியின் குரல் வந்தது. தன் தப்புக்குப் பரிகாரமாக ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் இருந்தது. அவர் முகத்தில் கைபேசியின் வெளிச்சம் விழுந்திருந்தது. “இங்க பாரு, நானே தேடி எடுத்துட்டேன். வாடகை ஒப்பந்தம் மாதிரி, தமிழ்லயே இருக்கு.”